பெயிண்டர் ஆதிமூலத்தின் இரண்டடிப் படகு

எந்த டப்பாவைத் திறந்தாலும் முதல் சொட்டு இடது கைப் பெருவிரல் நகத்துக்குத்தான். நகத்தில் தடவி, வெயிலில் நீட்டி, ஒரு கண்ணை மூடிப் பார்த்த பிறகுதான் பெயிண்டர் ஆதிமூலம் பிரஷ்ஷைத் தொடுவார். டப்பாவின் மேல் ஒட்டியிருக்கும் நிறத்தை அவர் நம்புவதில்லை. "அது ஓட்டு கேக்க வரும்போது போட்டுக்கினு வர்ற சட்டைங்க. உள்ள இன்னா கீதுன்னு யாருக்குத் தெரியும்?" என்பார்.

தியாகதுருகம் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே கடை. டிராக்டருக்கு நம்பர், சைக்கிளுக்குப் பெயர், சுவருக்குக் கட்சி என்று எல்லாம் எழுதுவார். கட்சிக்கு ஒரு பிரஷ் தனித்தனியாக வைத்திருக்கிறார். கழுவுவது மட்டும் ஒரே மண்ணெண்ணெய் டப்பாவில். இதை எந்தக் கட்சியும் இதுவரை கவனிக்கவில்லை.

எண்பத்தேழு புரட்டாசியில் இடஒதுக்கீடு கேட்டுச் சாதிச் சங்கத்தார் மரங்களை வெட்டிச் சாலையில் போட்டார்கள். ஏழு நாள் பஸ் இல்லை, லாரி இல்லை, ஆதிமூலத்துக்கு வேலையும் இல்லை. சும்மா இருந்த கை, கல்வராயன் மலையடிவாரத்திலிருந்து எப்போதோ வந்து கிடந்த கல்யாண முருங்கைக் கட்டையை எடுத்துப் படகு செதுக்கத் தொடங்கியது. இளவயதில் நாலு வருஷம் கடலூர் துறைமுகத்தில் படகுக்குப் பெயிண்ட் அடித்தவர். அப்போது அடித்த ஒரு படகின் அளவு அவருக்கு இன்னும் மனப்பாடம். அடிக்கு ஓர் அங்குலம் வீதம் இரண்டடிப் படகு. ஆயுத பூசையன்று அதைக் கடை வாசலில் வைக்க வேண்டும். முப்பது வருஷமாக அடுத்தவர் சொன்ன நிறத்தையே அடித்தவருக்கு, தன் இஷ்டப்படி அடிக்க இதுதான் முதல் உருப்படி.

இஷ்டம்தான் சிக்கல். கடலூர்ப் படகின் அடிவயிறு மஞ்சள். அதை ஒட்டி மேலே நீலப்பட்டை. அந்த வாரத்தில் ஊரிலுள்ள நிறங்களுக்கெல்லாம் உரிமைக்காரர்கள் வந்துவிட்டார்கள். மஞ்சள் சங்கத்துக்கு, நீலம் காலனி மன்றத்துக்கு, பச்சை விவசாயிகளுக்கு, காவி கோயிலுக்கு. சாலை திறந்த பிறகு, நீலத்தில் ஒரு போர்டு எழுதிக் காயவைத்த அன்று, நம்பர் எழுத வந்த டிராக்டர் நிற்காமலே கள்ளக்குறிச்சிக்குப் போய்விட்டது. மஞ்சளில் சுவர் எழுதிய மறுநாள் காலனி சைக்கிள்கள் வரவில்லை. டீக்கடையில் அவர் முகத்தைப் பார்க்காமல் நகத்தைப் பார்க்கிறார்கள். பெருவிரலை மடக்கிக்கொண்டு டீ குடிக்கக் கற்றுக்கொண்டார்.

முதல் பூச்சான பிரைமரிலேயே ஒரு கோளாறு. லாரி, கேட் என்று இரும்புக்கே அடித்துப் பழகிய கை, மரம் என்பதை மறந்து ரெட் ஆக்சைடைப் பூசிவிட்டது. படகு சிவப்பாக வாசலில் காய்ந்துகொண்டிருந்தபோது, கூலிச் சங்கத்துத் தோழர் செல்லமுத்து உள்ளே வந்து கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனார். இரண்டு நாள் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பள்ளம் அடைக்க லப்பம் வைத்து, மரத்துக்கான வுட் பிரைமர் அடித்தார். படகு ரோஸ் நிறமானது. ரோஸுக்கு இன்னும் யாரும் கட்சி ஆரம்பிக்கவில்லை. நாலு நாள் நிம்மதி.

அவர் மனைவி தைலம்மாளுக்கு அதுவே போதுமென்றிருந்தது. "இப்பிடியே வுட்டுடுங்க. ரெண்டு பக்கத்து ஜனமும் நம்ம வூட்டு வாசல்ல வந்துக்கினு இருக்கணும்" என்றாள்.

"பிரைமரோட நின்னா அது படகு இல்ல தைலு. கட்டை."

கடைசியில் அவர் கண் மின்கம்பத்தின் மேல் விழுந்தது. வெள்ளிப் பெயிண்ட். தண்ணீர்த் தொட்டி, ரேஷன் கடை ஜன்னல், பள்ளிக்கூட கேட் எல்லாவற்றுக்கும் அதுதான். ஊரின் இரண்டு சுடுகாடுகளுக்கும் கேட் தனித்தனி. பெயிண்ட் மட்டும் ஒன்று. அடித்தவர் அவரே. படகின் மேல்பாதிக்கு வெள்ளியை அடித்தார். தண்ணீர் ஏறி நிற்கும் கோட்டுக்குக் கீழே, கதவைச் சாத்திக்கொண்டு, கடலூர்க் கணக்குப்படி மஞ்சளையும் நீலத்தையும் அடித்தார். இரண்டும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு காய்ந்தன.

ஆயுத பூசையன்று பிரஷ்களுக்கெல்லாம் பொட்டு வைத்தாயிற்று. துணி ஊறவைக்கும் தகரத் தொட்டியில் தண்ணீர் நிரப்பி, படகுக்குள் கூழாங்கற்களை அடுக்கி, வெள்ளி மட்டும் வெளியே தெரியும்படி மிதக்கவிட்டிருந்தார். பூமாலை கட்டிய டிராக்டரை நிறுத்திவிட்டு மஞ்சள் சங்கத்து நிலக்காரர் ராஜாங்கம் வந்தார். புது சைக்கிளுக்குப் பெயர் எழுத வந்த காலனிப் பிச்சைமுத்து தொட்டிக்கு அந்தப் பக்கம் நின்றார்.

"இன்னா பெயிண்டரே, மலையடிவாரத்துல கப்பல் வுட்டுக்கினு கீற? அதுல கல்லு இன்னாத்துக்கு?" என்றபடியே ராஜாங்கம் இரண்டு கற்களை எடுத்துவிட்டார். படகு ஒரு விரற்கடை எழும்பியது.

பிச்சைமுத்து குனிந்தார். "அண்ணே, அடியில ஏதோ கலரு தெரியுதுங்களே."

"பாசி" என்றார் ஆதிமூலம்.

"புதுப் படகுல ஏதுய்யா பாசி?" என்று ராஜாங்கமும் குனிந்தார். இரண்டு தலைகளும் தொட்டிக்கு மேல் முட்டிக்கொள்ளாத குறை.

ஆதிமூலம் வலது கையால் தட்டிலிருந்த பொரியை அள்ளி இவருக்கொரு பிடி, அவருக்கொரு பிடி கொடுத்தார். இடது கைப் பெருவிரலைப் படகின் மேல்தட்டில் வைத்து மெல்ல அழுத்தினார். நீலம் இறங்கியது. இருவரும் பொரியை மென்றபடி தண்ணீருக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார்கள். தண்ணீருக்கு மேலே, அழுத்திய பெருவிரலின் நகத்தில், பாதி மஞ்சளும் பாதி நீலமும் வெயிலில் பளபளத்துக்கொண்டிருந்தன. அதை மடக்கினால் நீலம் மேலே வந்துவிடும்.