காய்ச்சல் இல்லாதவர்களுக்கு சூப்பு

காய்கறியை நன்றாக வேகவைத்து, காயைத் தூக்கி எறிந்துவிட்டு, அது வெந்த தண்ணீரைப் பரிமாறிப் பாராட்டு வாங்குகிற தொழிலுக்குப் பெயர்தான் சூப்பு வைப்பது. எழுபதுகளில் மகாபலிபுரத்தில், கடலைப் பார்த்த ஒரு லாட்ஜில் நான் அந்தத் தொழிலுக்கு வந்து சேர்ந்தேன். அடுப்படியில் நெருப்பில் வெந்ததைவிட அடுத்தவன் பேச்சில் அதிகம் வெந்தவர்களே, இது உங்களுக்குத்தான் புரியும். நான் படித்தது மூன்றாம் வகுப்பு. ஆனால் என்னை யார், எங்கே நின்று, என்ன சொன்னார்கள் என்பதை எழுதி வைக்காமலே நினைவில் வைத்திருப்பேன்.

ஆட்டுக்கல் எங்கேயும் போகாது

அந்த லாட்ஜில் ஆறு வருஷம் மாவாட்டினேன். பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. சமையல் மாஸ்டர் 'மாவு' என்பார். மற்றவர்களும் அதையே பிடித்துக்கொண்டார்கள். ஒருநாள் மேனேஜர் சமையல்கட்டுக்கு வந்து, தங்கியிருக்கிற எட்டு வெள்ளைக்காரர்களும் காய்கறி சூப்பு கேட்கிறார்கள் என்றார். "சுடுதண்ணி வெக்கிறதுக்கா நான் மாஸ்டரு?" என்று மாஸ்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மேனேஜரின் கண் என்மேல் விழுந்தது.

சந்தைக்குப் போய்க் காய் வாங்குவதும் நான், சூப்பு வைப்பதும் நான். சனிக்கிழமைக்குள் கிண்ணங்கள் காலியாகத் திரும்பினால் அடுப்பு எனக்கு. இல்லாவிட்டால் மறுபடி மாவு. நான் கையைக் கழுவிக்கொண்டு எழுந்தபோது மாஸ்டர் மேனேஜரிடம் சொன்னது இது: "அந்த ஆட்டுக்கல்ல வேற யாருக்கும் குடுத்துடாதீங்க சார். ஞாயித்துக்கெயம இவன் திரும்பி வருவான்."

யாருக்கு உடம்பு சரியில்லை?

விடிந்ததும் முதல் பஸ் பிடித்துத் திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டுச் சந்தைக்குப் போனேன். மேனேஜர் சொல்லி அனுப்பியது கேரட்டும் பீன்ஸும். அவை மெட்ராஸிலிருந்து லாரியில் வந்து இறங்கி, துவண்டுபோய்க் கிடந்தன. பக்கத்திலேயே கன்னியம்மாவின் கடையில் சுரைக்காய் காம்பில் பால் காயாமல் இருந்தது. அவரைக்காயில் பனி ஒட்டிக்கொண்டிருந்தது. முள்ளங்கியில் தோட்டத்து மண் ஈரமாக இருந்தது. வெள்ளைக்காரனாவது ஒன்றாவது என்று அவற்றைப் பொறுக்க ஆரம்பித்தேன்.

"இவ்ளோ காய் இன்னாத்துக்குய்யா?" என்றாள் கன்னியம்மா. சூப்புக்கு என்றேன். வெற்றிலை மெல்லுவதை நிறுத்திவிட்டு, "யாருக்கு ஒடம்பு சரியில்ல?" என்றாள். லாட்ஜில் தங்கியிருக்கிற வெள்ளைக்காரர்களுக்கு என்றேன். கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னேன், அவ்வளவுதான். அவள் உச்சுக் கொட்டிக்கொண்டு ஒரு கை கொத்தமல்லி, இரண்டு தக்காளி, ஒரு துண்டு இஞ்சி எல்லாவற்றையும் கொசுறாகப் பையில் போட்டாள். ஒரு பச்சை மிளகாய் கொசுறு கேட்டாலே முறைக்கிற பொம்பளை அவள். அதனால் அவர்களுக்குக் காய்ச்சல் எதுவும் இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நான் கிளம்பும்போது சொன்னாள்: "பாவம், தாய் புள்ளைய வுட்டுட்டு வந்து கடலாண்ட படுத்துகினு கீதுங்க. நல்லா மொளகு தட்டிப் போடு."

எலுமிச்சம்பழம் என் யோசனை

காயை நறுக்கி, குழைய வேகவைத்து, வெள்ளைத் துணியில் வடிகட்டினேன். மிளகும் உப்பும் போட்டேன். தண்ணீர் கண்ணாடிபோல இருந்தது. அழகாக இருக்கட்டும் என்று ஒவ்வொரு கிண்ணத்திலும் ஒரு வட்டம் எலுமிச்சை மிதக்கவிட்டேன். அதை எப்போது கொடுப்பது என்று எனக்குச் சந்தேகமே வரவில்லை. குழம்பு முதலில், தண்ணியாக இருப்பது கடைசியில். நாம் ரசம் சாப்பிடுகிற முறை அதுதானே? சோறு, கூட்டு, வாழைப்பழம் எல்லாம் முடிந்தபிறகு சூப்பை அனுப்பினேன்.

சாப்பிட்டு முடித்த வெள்ளைக்காரர்களுக்கு அந்த லாட்ஜில் வெந்நீரில் எலுமிச்சைத் துண்டு போட்டுக் கை கழுவக் கொடுப்பார்கள் என்பது எனக்குத் தெரியாது. ஆறு வருஷமும் நான் இருந்தது கொல்லைப்புறத்தில். கதவிடுக்கில் பார்த்தேன். எட்டுப் பேரும் என் சூப்பில் விரல்களை விட்டு அலசிக்கொண்டிருந்தார்கள். தாடிக்காரர் ஒருவர் மீசையையும் துடைத்துக்கொண்டார். மாஸ்டர் சிரிக்கவில்லை. அதுதான் இன்னும் எரிகிறது. மெதுவாக வந்து என் தோளில் கை வைத்துச் சொன்னார்: "பிசுக்கெல்லாம் நல்லா போச்சாம்டா மாவு."

மூன்றாம் நம்பர் மேசை

மறுநாளிலிருந்து சூப்பை முதலில் அனுப்பினேன், எலுமிச்சை இல்லாமல். பாதிப் பாதி குடித்துவிட்டு வைத்தார்கள். வியாழக்கிழமை சந்தையிலிருந்து திரும்பும்போது பஸ்ஸில் என் பை அடியோடு கிழிந்தது. சுரைக்காய் கண்டக்டர் காலடிக்கு உருண்டது. பக்கத்தில் மீன் விற்றுவிட்டுத் திரும்புகிற அம்மா ஒருத்தி இரக்கப்பட்டுத் தன் காலிக் கூடையைக் கொடுத்தாள். திருக்கழுக்குன்றத்திலிருந்து லாட்ஜ்வரை காய்கள் அந்தக் கூடையில் குலுங்கிக்கொண்டு வந்தன.

ஏழு தண்ணீரில் கழுவினேன். வாசனை போனதாகத்தான் நினைத்தேன். பரிமாறுகிற தாவூத் கோவளத்துக்காரன், கடலோரத்திலேயே பிறந்து வளர்ந்தவன். அவன் முதல்முறையாகக் காலிக் கிண்ணத்தோடு ஓடிவந்தான். சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னான்: "அண்ணாத்த, மூணாம் நம்பர் இன்னொரு கிண்ணம் கேக்குது. இது இன்னா மீனுன்னும் கேக்குது."

சனிக்கிழமை

மூன்றாம் நம்பர் மேசைக்காரி உயரமான வெள்ளைக்கார அம்மா. சூப்பு எப்படி வைக்கிறேன் என்று பார்க்க வேண்டும் என்று மேனேஜரிடம் கேட்டு, சனிக்கிழமை காலையில் என்னோடு சந்தைக்கே கிளம்பிவிட்டாள். கையில் அந்த மீன் கூடை, முகத்தில் சிரிப்பு. கன்னியம்மா எழுந்து வந்து அவள் கழுத்தில் புறங்கையை வைத்துப் பார்த்தாள். நெற்றியில் வைத்துப் பார்த்தாள். அந்த அம்மா அதை வரவேற்பு என்று நினைத்துக் கன்னியம்மாவின் நெற்றியிலும் கை வைத்தாள்.

"வுட்டுடுச்சு" என்று சந்தைக்கே கேட்கிற மாதிரி அறிவித்தாள் கன்னியம்மா. வரிசை முழுக்க வாரம் பூராவும் விசாரித்துக்கொண்டிருந்த பொம்பளைகள் எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். பிறகு என் கையிலிருந்த சுரைக்காயைப் பிடுங்கி வைத்துவிட்டாள். இனிமேல் சூப்பு கூடாதாம், சோறு போட வேண்டுமாம். பக்கத்துக் கடைக்குப் போனேன். "அக்கா சொல்லிடுச்சில்ல" என்று அங்கேயும் தர மறுத்தார்கள். அன்றுதான் கடைசி நாள். பஸ்ஸுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. ஆட்டுக்கல் கண் முன்னால் சுற்றியது.

"இவங்களுக்கு இல்ல கன்னியம்மா, எங்க மாஸ்டருக்கு" என்றேன். எப்படி வாயில் வந்தது என்று தெரியவில்லை. வந்தபின் நிறுத்தவும் தோன்றவில்லை. சோறு இறங்கவில்லை, ராத்திரியெல்லாம் பிதற்றல், ஆளே பாதியாகிவிட்டார் என்றேன். கூடை நிரம்பியது. லாட்ஜுக்கு வந்ததும் வெள்ளைக்கார அம்மா தன் கையால் காய் நறுக்கினாள். மத்தியானம் எட்டுக் கிண்ணமும் துடைத்த மாதிரி வந்தன. மேனேஜர் கிண்ணங்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "திங்கட்கிழமையிலேருந்து அந்த இடது பக்கத்து அடுப்பு உன்னுது. மாவாட்ட வேற ஆள் பாக்கணும்."

மாஸ்டர் சந்தைக்குப் போனது

பத்து நாள் கழித்து மாஸ்டர் ஏதோ வேலையாகச் செங்கல்பட்டுக்குப் போனார். போன இடத்தில் கத்திரிக்காய் வாங்கலாம் என்று கன்னியம்மா கடையில் நின்று, கொசுறு கூடக் கிடைக்கட்டும் என்று, தான் இன்ன லாட்ஜின் மாஸ்டர் என்று பெருமையாகச் சொல்லியிருக்கிறார். சாயங்காலம் ஒரு சுரைக்காயும் ஒரு பொட்டலம் மிளகுமாக வந்து நின்றார். சட்டைக் காலர் கசங்கியிருந்தது. தன் கழுத்தைத் தானே தொட்டுப் பார்த்துக்கொண்டு, ஆறு வருஷத்தில் முதல்முறையாகத் தணிந்த குரலில் என்னிடம் கேட்டார்: "கத்திரிக்கா கேட்டா ஒருத்தியும் தர மாட்டேங்குறாடா. ஆளுக்கு ஆளு கழுத்தத் தொட்டுட்டு அழுறாளுங்க. எனக்கு இன்னாடா ஒடம்புக்கு?"

அதற்கப்புறம் பதினோரு வருஷம் அந்த இடது பக்கத்து அடுப்பில் சூப்பு வைத்தேன். உடம்பு நன்றாக இருக்கும்போது ஒரு கிண்ணம்கூட நான் குடித்ததில்லை.