நாற்பது பேர் தின்ற சுண்டல்

ராயபுரத்தில் மளிகைக் கடை வைத்திருந்த ராசையாவின் மகள் தேவப்பிரியம். திருநெல்வேலிச் சீமையிலிருந்து பிழைக்க வந்த குடும்பம். மகள் கல்லாவில் உட்காருவாள் என்று ராசையா நினைத்திருந்தார். அவளோ ஆசிரியப் பயிற்சி முடித்துவிட்டு, திருவொற்றியூரில் மீனவர் குப்பத்தை ஒட்டிய பள்ளிக்கூடத்துக்குத் தமிழ் டீச்சராகப் போய்விட்டாள். நாட்டுக்குச் சுதந்திரம் வந்து நாலைந்து வருடம் ஆகியிருந்தது. அவள் வேலை மட்டும் இன்னும் நிரந்தரமாகவில்லை.

அன்று சாயங்காலம் எட்டாம் வகுப்பின் தேர்வுத் தாள்களோடு தனியே உட்கார்ந்திருந்தாள். இதில் தேறியவர்கள்தான் சர்க்கார் பரீட்சைக்குப் போகலாம். வியாசத்தின் தலைப்பு ‘நிலவொளியில் கடற்கரை’. ஜன்னல் வழியே வந்த உப்புக்காற்றில் தாள்கள் மெல்ல எழும்பி எழும்பி அடங்கின.

எல்லாத் தாளிலும் ஒரே நிலா. நிலவுப்பெண் வெள்ளிக் கதிர் வீசினாள். தென்றல் தாலாட்டியது. தந்தையார் சுண்டல் வாங்கித் தந்தார். மகிழ்ச்சியுடன் வீடு திரும்பினோம். படிக்கப் படிக்க அவளுக்குக் கண் சொக்கியது. நாற்பது குடும்பங்கள் ஒரே மணலில், ஒரே அடி வைத்து, சத்தமில்லாமல் நடந்துபோவதுபோல் இருந்தது. அந்தக் கூட்டத்தில் அவள் வகுப்புப் பையன் லோகநாதனின் அப்பாவும் சுண்டல் பொட்டலத்தோடு போனார்.

தேவப்பிரியம் விழித்துக்கொண்டாள். லோகநாதனின் அப்பா போன ஐப்பசியில் கடலோடு போனவர். செத்தவரைக்கூட எழுப்பிச் சுண்டல் வாங்க வைத்துவிட்டது அந்த வியாசம். அதைக் கரும்பலகையில் எழுதிப்போட்டு மனப்பாடம் செய்யச் சொன்னவள் அவளேதான்.

கடைசித் தாள் மங்கையுடையது.

‘நிலாக் காலம் எங்களுக்கு ஆகாது. வெளிச்சத்தில் மீன் வலையைப் பார்த்துவிடும். நைனா கடலுக்குப் போக மாட்டார். கட்டுமரம் மணலில் கிடக்கும். அதன்மேல் படுத்துக்கொண்டு நிலாவைத் திட்டுவோம். ஆனாலும் அது அழகாகத்தான் இருக்கிறது. பசியோடு பார்த்தால் இன்னும் கிட்டத்தில் தெரிகிறது.’

அவ்வளவுதான். தேவப்பிரியம் பாஸ் மார்க்குக்கு மேலேயே போட்டாள்.

மறுநாள் தலைமையாசிரியர் வால்டர் அந்தத் தாளை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்தார். “இதுல உவமை எங்கே? முடிவுரை எங்கே? நிலாவைத் திட்டினேன்னு எழுதினா இன்ஸ்பெக்டர் என்னைத் திட்டுவார் டீச்சர். மார்க்கை அடிச்சிட்டு ஃபெயில் போடுங்க.”

மங்கை வாசலில் நின்றிருந்தாள். தலைமையாசிரியர் கூப்பிட்டனுப்பி வந்திருந்த அவளுடைய அம்மா குப்பம்மா மீன் கூடையை இறக்காமலே பேசினாள்.

“ஃபெயிலாப் பூட்டா சொல்லிடு சார். நாளைக்கே இவளுக்கும் ஒரு கூடை வாங்கிடறேன். ஏண்டி, எல்லாப் புள்ளைங்களும் சுண்டலு துண்ணுதுங்கோ, நீயும் துண்ணாப்பல எழுதினா இன்னா?”

“துண்ணவே இல்லையேம்மா. பொய் சொன்னா டீச்சர் அடிக்குமே.”

வால்டருக்கே சிரிப்பு வந்துவிட்டது. தேவப்பிரியத்துக்கு வரவில்லை. பொய் சொல்லாதே என்று அடித்தவளும் அவள்தான், பொய்யை எழுதிக்கொடுத்தவளும் அவள்தான். பட்டினி கிடக்கும் பிள்ளையிடம் நிலவுப்பெண்ணைக் கேட்பது எந்த வானத்திலிருந்தும் இறங்கிய விதியல்ல, மனிதர்கள் போட்டது. மனிதர்கள் எடுத்துவிடலாம்.

“சார், மத்த தாள் எல்லாம் நான் எழுதினது. அதுக்கு மார்க் போடறதா இருந்தா எனக்குப் போடுங்க. இது ஒண்ணுதான் பிள்ளை எழுதினது.”

“அப்போ மத்தவங்களை ஃபெயிலாக்கணுமா?”

“வேண்டாம், தப்பு என்னோடது. அவங்களும் போகட்டும், இவளும் போகட்டும். இன்ஸ்பெக்டர் கேட்டா என் பேரைச் சொல்லுங்க.”

“உங்க வேலை இன்னும் நிரந்தரமாகலே. ஞாபகம் இருக்கா?”

“இருக்கு சார்.”

வால்டர் பேனாவைத் திறந்து அவள் பக்கம் நீட்டினார். மார்க்குக்குப் பக்கத்தில் அவளைக் கையெழுத்துப் போடச் சொல்லிவிட்டு, பெருமூச்சோடு தானும் போட்டார். அந்தக் கையெழுத்தால் அவள் வேலை நிரந்தரமாக மேலும் இரண்டு வருடம் ஆனது. கரும்பலகையில் வியாசம் எழுதிப்போடுவதை அவள் அன்றோடு விட்டுவிட்டாள்.

அன்று அந்தியில் குப்பத்து வழியாக நடந்தாள். கடலுக்கு மேலே நிலா பெரிதாக எழும்பியிருந்தது. கட்டுமரங்கள் கரையேறித் தூங்கின. அதில் ஒன்றின்மேல் மங்கை மல்லாந்து கிடந்தாள். குப்பம்மா எட்ட நின்று குரல் கொடுத்தாள்.

“டீச்சரம்மா, சும்மா போறியே! இந்த நெலா தொலையட்டும், நல்ல வஞ்சிர மீனா கொண்ணாந்து தரேன்.”

தேவப்பிரியம் அண்ணாந்து பார்த்தாள். நிலா மிகவும் கிட்டத்தில் இருந்தது.