வாயில் பிடித்த துண்டு

எனக்கு இரண்டு கையும் முழங்கைக்குக் கீழே இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பேனாவை இரண்டு முழங்கைக்கும் நடுவில் இடுக்கித்தான் எழுதுகிறேன். நீட்டி எழுத வராது, தோள் கடுக்கும். படிப்பும் எட்டாவதோடு நின்றுவிட்டது.

கை ஆலையில் போனது. எங்கள் ஊர் ஆந்திராவில், நகரிப் பக்கம். ஊரை ஒட்டி வெல்லம் காய்ச்சும் ஆலை இருந்தது. பள்ளிக்கூடம் இல்லாத நாட்களில் சாறு பிழிகிற உருளைக்குக் கரும்பு கொடுக்கப் போவேன். உருளை கரும்போடு சேர்த்து ஒரு கையை இழுத்தது. அதைப் பிடுங்க இன்னொரு கையைக் கொடுத்தேன். கேட்பவர்கள் அப்புறம் என்ன, அப்புறம் என்ன என்பார்கள். அப்புறம் ஒன்றும் இல்லை.

அம்மாவும் நைனாவும் இப்போது இல்லை. அண்ணன் வீட்டில்தான் இருக்கிறேன். அண்ணி கல்யாணமாகி வந்தபோது அவளுக்குப் புருஷனோடு நானும் கிடைத்தேன். குளிப்பாட்டுவது, தலை வாருவது, துணி உடுத்துவது எல்லாம் அவள். ஒருநாளும் முகம் சுளித்ததில்லை என்று எழுதினால் பொய். சுளிப்பாள். சுளித்துக்கொண்டே செய்வாள். காலையில் என் வேலை முடித்துவிட்டுக் கழனிக்குப் போவாள். சாயங்காலம் வந்து மறுபடியும் என் வேலை.

திருப்பதியில் செயற்கைக் கைக்கு அளவெடுக்கப் போனோம். அந்தக் கை கனமாக இருந்தது. போட்டால் தோளில் புண் வந்தது. இப்போது பரண் மேல் கிடக்கிறது. ஆனால் அங்கேதான் நீச்சல் மேடத்தைப் பார்த்தோம். எங்களைப் போன்றவர்களைத் தேடிப் பிடித்துப் பழக்குகிறவர். தண்ணீரில் மல்லாந்து படுக்க முடியுமா பார் என்றார். படுத்தேன். மூழ்கவில்லை. குப்புற நீந்தினால் மூச்சுக்குத் தலையைத் திருப்ப வேண்டும். மல்லாந்தால் முகம் வெளியிலேயே இருக்கும். எனக்கு அது போதும் என்று தோன்றியது. அதனால்தான் மல்லாந்து நீந்துவதை எடுத்தேன். வேறு பெரிய காரணம் இல்லை.

அண்ணன் வேண்டாம் என்றான். ஊரில் சிரிப்பார்கள் என்றான். அண்ணிதான் போகட்டும் என்றாள். "வூட்ல உக்காந்து என் மூஞ்சியப் பாத்துக்கினு கீறதுக்குத் தண்ணியப் பாக்கட்டும்" என்றாள். ஊரில் சிரிக்கத்தான் செய்தார்கள். கையில்லாதவள் நீச்சலுக்குப் போகிறாளாமே என்று டீக்கடையில் ஒருவர் கேட்டார். அண்ணி நடந்துகொண்டே, "கை கீறவங்கதான் ஏரில முழுகிச் சாவறாங்க" என்றாள். அதற்கப்புறம் அவர் எங்களிடம் கேட்கவில்லை.

நீச்சல் பழகத் திருப்பதிக்குப் பஸ்ஸில் போய்ப் பஸ்ஸில் வருவோம். பல வருஷம். மழை நாளில் ஈரத் துணியோடு நின்றுகொண்டே வந்திருக்கிறோம். அண்ணியின் கழனி வேலை பாதி கெட்டது. அவள் சொல்லமாட்டாள், அண்ணன் சொல்வான்.

மல்லாந்து நீந்தும் பந்தயத்தில் யாரும் மேலேயிருந்து குதிப்பதில்லை. தண்ணீருக்குள் இறங்கி, மேடையில் இருக்கிற இரும்புப் பிடியைப் பிடித்துக்கொண்டு, சுவரில் காலை வைத்துக் குந்தியிருப்பார்கள். பீப் சத்தம் வந்ததும் கையை விட்டு, காலை உதைத்துப் பின்னால் பாய்வார்கள். எனக்குப் பிடிக்கக் கையில்லை. அதனால் ஒரு துண்டு. ஒரு முனை என் பல்லில். இன்னொரு முனை கரையில் மண்டி போட்டிருக்கும் ஆளின் கையில். சத்தம் வந்ததும் நான் வாயைத் திறப்பேன். அவ்வளவுதான். பிடிக்கிற ஆள் இழுக்கக்கூடாது. தளர விடக்கூடாது. பேசக்கூடாது. மேடம் இதை முதல் நாளே அண்ணியிடம் தெலுங்கில் இரண்டு தடவை சொன்னார்.

அண்ணி துண்டைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "மாட்டப் புடிச்சிக்கினு நிக்கற மாதிரியே கீது. மாடுன்னா பாலாச்சும் குடுக்கும்" என்றாள்.

வாயில் துண்டோடு சிரித்தேன். மூக்கில் தண்ணீர் ஏறிவிட்டது.

முதலில் குளிக்கிற துண்டுதான். சோப்பு ருசி அடித்தது. பிறகு அண்ணனுடைய பழைய வேட்டியைக் கிழித்து மடித்துத் தைத்தாள். அது பல்லுக்குச் சரியாக இருந்தது. ஆனாலும் கீழ்ப் பல் ஒன்று விரிசல் விட்டது. சித்தூர் பல் டாக்டர் இனி எதையும் கடித்து இழுக்காதே என்றார். சரி என்றேன். மறுநாளும் கடித்தேன்.

ஜில்லா, ஸ்டேட் என்று போனேன். பிறகு பல தேசத்துக்காரர்கள் வருகிற பெரிய போட்டிக்கு எடுத்தார்கள். ஓட்டம், எறிதல், நீச்சல் எல்லாம் ஒரே ஊரில், எங்களைப் போல உடம்பில் குறை உள்ளவர்களுக்கு. சித்தூரில் விளையாட்டு ஆபீஸுக்குப் போனபோது அங்கே ஒரு சார் சொன்னார். அந்தப் போட்டியில் மெடல் வந்தால் அட்டெண்டர் வேலைக்கு வழி இருக்கிறது, மெடல் வராமல் சும்மா கலந்துகொண்டால் இல்லை. பட்டும் படாமல்தான் சொன்னார். நான் அதைப் பிடித்துக்கொண்டேன்.

மெடலைப் பற்றி எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. வேலை வேண்டும். வேலை இருந்தால் குளிப்பாட்டவும் உடுத்தவும் நானே ஓர் ஆளை வைத்துக்கொள்வேன். அண்ணிக்கு முழங்கால் தேய்ந்துபோயிருந்தது. கரையில் மண்டி போட்டு எழும்போது ஒவ்வொரு தடவையும் பல்லைக் கடிப்பாள். அவளை உட்கார வைக்க வேண்டும். அதற்குத்தான் நீந்தினேன்.

துண்டு பிடிக்க அண்ணியையே கூட அழைத்துப்போக விட்டார்கள். மெட்ராஸில் விமானம் ஏறினோம். அண்ணி கண்ணை மூடியவள் இறங்கும்போதுதான் திறந்தாள். அந்த ஊரில் குளிர். சோற்றில் உப்பில்லை. நடந்து நடந்து கால் ஓய்ந்தது. எங்கே போனாலும் கழுத்தில் ஒரு அட்டை. எங்கே போனாலும் வரிசை. நீந்துவதற்கு முன்னாலேயே எனக்கு அலுத்துப் போயிருந்தது.

எங்கள் வீட்டில் ஒரு பழக்கம் உண்டு. எங்கள் வீட்டில் மட்டும் இல்லை, ஊரிலேயே அப்படித்தான். கடைக்குப் போனாலும் சொல்லிவிட்டுப் போக வேண்டும். போறேன் என்று சொல்லக்கூடாது. இருக்கிறவர் போய்ட்டு வா என்பார், போகிறவர் வரேன் என்பார். சொல்லாமல் கிளம்பிவிட்டால் தெருமுனையிலிருந்தும் திரும்பி வந்து சொல்லிவிட்டுப் போவோம். யாரும் இதைச் சட்டமாகச் சொல்லித்தந்ததில்லை. செருப்புப் போடுகிற மாதிரி அது பாட்டுக்கு நடக்கும்.

பந்தயத்தன்று காலை நீந்துகிறவர்களுக்கு ஒரு பஸ், கூட வந்தவர்களுக்கு வேறு பஸ். அண்ணி எனக்குத் தலை பின்னிவிட்டுக் குளிக்கப் போயிருந்தாள். டீம் மேனேஜர் வந்து உடனே கிளம்பு என்றார். கிளம்பிவிட்டேன்.

நீச்சல் குளத்தில் அவளைப் பார்த்தபோது முகம் சரியில்லை. "சொல்லாமகூட வந்துட்ட" என்றாள். பதில் சொல்வதற்குள் எங்களை வரிசையில் நிறுத்திவிட்டார்கள். அதோடு விட்டுவிட்டேன். அவள் விடவில்லை என்று எனக்கு அப்போது தெரியாது.

ஒரு நீளம்தான் பந்தயம். பக்கத்துத் தடத்தில் ஒரு பெண்ணுக்குத் தோளோடு கை இல்லை. அவளுக்கும் துண்டுதான். அவளுக்குத் துண்டு பிடித்த ஆள் மரம் மாதிரி நின்றான். தண்ணீரில் இறங்கினேன். அண்ணி மண்டி போட்டாள். முழங்கால் சொடக்கென்றது எனக்குக் கேட்டது. துண்டைக் கடித்தேன். காலைச் சுவரில் வைத்துச் சுருண்டேன். கூட்டம் பூராவும் அடங்கியது. அவ்வளவு பேர் அவ்வளவு சும்மா இருந்து நான் பார்த்ததில்லை.

தயாராக இருக்கச் சொல்லிக் குரல் வந்தது. அண்ணி குனிந்தாள். எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள்.

"போய்ட்டு வாம்மா."

"வரேன்" என்றேன்.

அதற்குள் துண்டு வாயில் இல்லை. தலை பின்னால் சாய்ந்தது. பழகின கால், அது பாட்டுக்கு உதைத்தது. அதற்குப் பிறகுதான் பீப் சத்தம் வந்தது. என் காது தண்ணீருக்குள் போகும்போது கேட்டேன்.

போச்சு என்று தெரிந்துவிட்டது. சத்தத்துக்கு முன்னால் நகர்ந்தால் கணக்கில் வராது. மேடம் ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறார். நின்றுவிடலாம் என்று நினைத்தேன். நின்றால் அண்ணிக்கு அங்கேயே தெரிந்துவிடும். கூரையில் விளக்குகள் வரிசையாக இருந்தன. அதைப் பார்த்துக்கொண்டே உதைத்தேன். தோளைச் சுழற்றினேன். முறையாக நீந்தும்போது பயம் இருக்கும், அன்றைக்கு அது இல்லை. களைப்பு மட்டும் இருந்தது. மேலே கொடித் தோரணம் வந்தது, சுவர் கிட்டே வந்துவிட்டது என்று அர்த்தம். கையை நீட்டுகிறவர்கள் நீட்டுவார்கள். நான் தலையால் முட்டினேன்.

மூன்றாவது.

அண்ணிக்கு இங்கிலீஷ் தெரியாது. பலகையில் மூன்று என்ற எண் தெரிந்தது. மறுகோடியிலிருந்து துண்டைத் தூக்கிக் காட்டிக்கொண்டே ஓடி வந்தாள். அந்த முழங்காலை வைத்துக்கொண்டு ஓடினாள். அவள் வந்து சேர்வதற்குள் பலகையில் என் எண் அழிந்து, வேறு எழுத்து வந்தது. நான்காவதாக வந்த பெண் மூன்றாவதானாள். அவள் அழுதாள். நல்ல பெண். என்னைப் பார்த்துத் தலையைக் குனிந்துகொண்டாள்.

மேனேஜர் வந்து என்ன ஆச்சு என்று தெலுங்கில் கேட்டார். ஈரத்தில் கால் வழுக்கிவிட்டது என்றேன். அண்ணியிடமும் அதையே சொன்னேன். அவள் என் வாயைப் பார்த்தாள். கையிலிருந்த துண்டைப் பார்த்தாள். பிறகு அதே துண்டால் என் தலையைத் துவட்டினாள். ஒன்றும் கேட்கவில்லை.

ஊருக்கு வந்தும் கேட்கவில்லை. பேச்சு குறைந்துவிட்டது. கையைத் தூக்கு, திரும்பு, கண்ணை மூடு. குளிப்பாட்டத் தேவையான பேச்சு மட்டும். அண்ணன் அவளிடம் என்னடி ஆச்சு என்று கேட்டால், முழங்கால் வலி என்பாள்.

ஒருநாள் சித்தூர் ஆபீஸில் கூப்பிட்டார்கள். வேலை விஷயம் என்று நினைத்துப் போனோம். வேலை விஷயம் இல்லை, கலந்துகொண்டதற்கு ஒரு சால்வை. போர்த்தினார்கள், போட்டோ எடுத்தார்கள். சால்வை தோளில் நிற்கவில்லை, அண்ணி பிடித்துக்கொண்டாள். எல்லோரும் கிளம்பிய பிறகு அவள் அந்தச் சாரிடம் தனியாகப் போனாள். தெலுங்கில் சொன்னாள். இவள் மூன்றாவது வந்தாள். தப்பு என்னுடையது. பேசக்கூடாத நேரத்தில் நான் பேசினேன். இவள் பதில் சொன்னாள். இவள் நீந்தினதில் ஒரு தப்பும் இல்லை. வேலையை இவளுக்குக் கொடுங்கள்.

சார் நல்ல மனுஷர்தான். உட்காருங்கம்மா என்றார். டீ வரவழைத்தார். மேலே எழுதினால் ரிசல்ட்டைத்தான் கேட்பார்கள், என்ன பேசினீர்கள் என்று கேட்கமாட்டார்கள் என்றார். அண்ணி டீயை ஆற்றி எனக்குக் குடிக்கக் கொடுத்தாள். அவளுடையதை அவள் குடிக்கவில்லை.

எல்லாம் தெரிந்துதான் இத்தனை நாள் இருந்திருக்கிறாள்.

பஸ் ஸ்டாண்டில் உட்கார இடம் கிடைத்தது. வெயில். புத்தூர் வழியாகப் போகிற பஸ் வரவில்லை.

"கால் வழுக்கிச்சின்னு ஏன் சொன்ன?" என்றாள்.

"வேற இன்னா சொல்றது."

"என்னைச் சொல்றது."

"நீ இன்னா பண்ண? போய்ட்டு வான்னு சொன்ன. நான் வரேன்னேன்."

"நான்தான் சொன்னேன். வாயில துண்டு கீதே, மூடிக்கினு கீறதுக்கு இன்னாடி உனக்கு?"

எனக்குக் கோபம் வரவேண்டும். சிரிப்பு வந்தது. அவளும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். சிரித்தாளா அழுதாளா என்று நான் பார்க்கவில்லை. எதிரில் வேர்க்கடலை விற்கிறவன் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தான்.

முந்தானையை இறக்கிவிட்டு, இனிமேல் வேறு யாரையாவது துண்டு பிடிக்கச் சொல் என்றாள். தமிழ் தெரியாத ஆளாகப் பார்த்துப் பிடி என்றாள். மேடமும் அதைத்தான் சொல்லியிருந்தார். மேடையிலேயே வாரைக் கட்டிவிடலாம், ஆளே வேண்டாம் என்றும் சொல்லியிருந்தார். அடுத்த போட்டிக்கு ஆள் எடுப்பதற்கு இன்னும் காலம் இருக்கிறது, நீ வருகிறாயா இல்லையா என்று முந்தின நாள்தான் போனில் கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. வயது ஏறிவிட்டது. பல் ஆடுகிறது. அண்ணியை உட்கார வைக்கத்தான் நீந்தினேன், அவள் இன்னும் உட்காரவில்லை. நிறுத்திவிட்டால் வீட்டில் அவள் எனக்குச் செய்கிற வேலை குறையாது. கூடத்தான் செய்யும்.

இதையெல்லாம் அவளிடம் சொல்லவில்லை. மேடம் கேட்டதை மட்டும் சொன்னேன்.

"நீ இன்னா சொன்ன?"

"இன்னும் சொல்லல."

பஸ் வந்தது. கூட்டம். அவள் முதலில் ஏறி, என்னை இடுப்பில் பிடித்துத் தூக்கிவிட்டாள். நின்றுகொண்டே வந்தோம். கம்பியில் சாய்ந்தால் எனக்கு விழாமல் நிற்க வரும். புத்தூர் வந்தது. அங்கே பாதிப் பேர் இறங்கினார்கள். உட்கார்ந்தோம். முழங்காலைத் தடவிக்கொண்டே கேட்டாள்.

"நாளைக்குத் திருப்பதிக்கு மொத பஸ்ஸா, ரெண்டாவதா?"

"ரெண்டாவது" என்றேன். "உனக்குக் கழனி வேலை கீது."

"ரெண்டாவதுல எடம் கெடைக்காது" என்றாள். "மொதல்லயே போவலாம்."