மனுவில் நான் சேர்த்த வரி

என் முதல் நாவல் விற்கவில்லை. பதிப்பாளர் எனக்கென்று அனுப்பிய இரண்டு கட்டுகளும் சுரக்குடியில் எங்கள் வீட்டில் பிரிக்கப்படாமல் கிடக்கின்றன. விதைநெல் மூட்டையில் ஈரம் ஏறாமல் இருக்க அப்பா அவற்றை அடியில் போட்டிருக்கிறார். "நல்ல கனமான தாளுடா" என்று ஒருநாள் சொன்னார். அந்த நாவலைப் பற்றி எங்கள் வீட்டில் வந்த ஒரே விமர்சனம் அதுதான்.

அப்படியிருந்தும் பதிப்பாளர் இரண்டாவது நாவல் கேட்டார். ஏன் கேட்டார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. தைக்குள் கொடுத்தால் போடலாம், இல்லையென்றால் பார்த்துக்கொள்ளலாம் என்றார். பார்த்துக்கொள்ளலாம் என்றால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். என்னிடம் மூன்று கதைகள் இருந்தன. எதை எழுதுவது என்று மாதக்கணக்கில் முழித்துக்கொண்டு இருந்தேன். அந்த மாதங்களில் நான் செய்த ஒரு கேவலமான காரியத்தைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எனக்குச் சோறு போடுவது ஜெராக்ஸ் கடை. காரைக்காலில் அலுவலகங்கள் இருக்கும் தெருவில், எட்டுக்குப் பத்து அளவில் ஒரு கடை. முதலாளி ஜெராக்ஸ் பார்ப்பார், நான் மனு டைப் அடிப்பேன். பட்டா, குடும்ப அட்டை, முதியோர் உதவித்தொகை, வாய்க்கால் ஆக்கிரமிப்பு என்று எல்லாவற்றுக்கும் என்னிடம் ஒரு மாதிரி உண்டு. பெயரையும் ஊரையும் மாற்றினால் போதும். கடையில் ஒரே ஒரு சட்டம். அடித்து முடித்த மனுவை மேலிருந்து கீழ்வரை உரக்கப் படித்துக் காட்ட வேண்டும். வந்தவர் சரி என்று சொன்ன பிறகுதான் கையெழுத்து. எழுதப் படிக்கத் தெரிந்தவராக இருந்தாலும் அப்படித்தான். முதலாளி இதில் மட்டும் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டார்.

மூன்று கதைகளைச் சொல்கிறேன். முதலாவது அப்பாவின் கதை. ஆற்றின் கடைசி மடையில் வயல் வைத்திருப்பவனுக்குத் தண்ணீர் வந்து சேர்வதற்குள் மேலே இருப்பவன் நடவை முடித்திருப்பான். இதை நாலு முறை தொடங்கினேன். நாலு முறையும் அப்பா காலண்டரில் வரும் விவசாயி மாதிரி கலப்பையோடு நின்றார். நிஜ அப்பாவிடம் கலப்பையே கிடையாது. வாடகை டிராக்டர்தான்.

இரண்டாவது, காரைக்கால் ஊருக்குள் இருக்கும் ஒரு பழைய பெரிய வீடு. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவரின் பிள்ளைகள் இருவர் பேச்சுவார்த்தை இல்லாமல் அடுப்படிக்கு நடுவில் சுவர் எழுப்பிக் குடியிருக்கிறார்கள். அந்த வீட்டுக்கு ஜெராக்ஸ் கொடுக்கப் போனபோது வாசலிலிருந்து எட்டிப் பார்த்திருக்கிறேன். அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது. சென்னையில் இருப்பவர்களுக்குப் பிடிக்கும் என்பதைத் தவிர அதை எழுத வேறு காரணம் இல்லை.

மூன்றாவது, கடைக்கு மனு கொடுக்க வந்த ஒரு அக்காவின் கதை. அவர் திருவேட்டக்குடிக்காரர். அவருடைய கணவர் எல்லைக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டுத் துறைமுகம் ஒன்றில் விசைப்படகு வேலைக்குப் போனவர். நடுக்கடலில் அலை அடித்ததில் விழுந்துவிட்டார். உடன் போனவர்கள் திரும்பி வந்தார்கள். அவர்களில் இருவர் அவர் விழுந்ததைக் கண்ணால் பார்த்தவர்கள். உடல் கிடைக்கவில்லை. உடல் இல்லாததால் இறப்புச் சான்றிதழ் இல்லை. ஆள் காரைக்கால், அதாவது புதுச்சேரி மாநிலம்; படகு தமிழ்நாடு. இரண்டு பக்கமும் அந்த அக்காவைப் பந்து மாதிரி உதைத்தார்கள்.

"அந்தப் பக்கம் போனா, நீ பாண்டிச்சேரி ஆளுங்குறான். இந்தப் பக்கம் வந்தா, போட்டு தமிழ்நாட்டுப் போட்டுங்குறான். ஏன் தம்பி, எந்த கவர்மெண்டு ஆளுன்னு கேட்டுட்டா அலை அடிச்சுது?" என்று முதல்முறை வந்தபோதே கேட்டார்.

முதலாளி சிரித்துவிட்டார். அந்த அக்காவும் சிரித்தார். நான் சிரிக்காமல் அந்த வாக்கியத்தை மனதுக்குள் எழுதி வைத்துக்கொண்டேன்.

அவருக்கு வேண்டியது ஒரு தாள். மகள் பன்னிரண்டாவது முடிக்கப் போகிறாள், நர்சிங் படிக்க ஆசை. தகப்பன் இல்லாத பிள்ளைகளுக்கு ஒரு சலுகை உண்டு. அதற்குத் தகப்பன் இல்லை என்பதற்கு அத்தாட்சி கேட்டார்கள். அதற்காக நான்கு மனுக்கள் அடித்துக் கொடுத்தேன். ஒவ்வொன்றுக்கும் பதிலாக இன்னொரு கேள்வி வந்தது.

அந்த நேரத்தில்தான் பதிப்பாளர் போன் செய்தார். மூன்று கதைகளையும் சொன்னேன். அப்பா கதைக்கு "விவசாயம் நிறைய வந்துடுச்சே" என்றார். பெரிய வீட்டுக்கு "ம்" என்றார். மூன்றாவதைச் சொன்னபோது லைனில் சத்தமே இல்லை. அந்த அமைதி எனக்குப் போதை ஏற்றியது. இன்னும் சொன்னேன். அந்தப் பெண் தினமும் கணவனுக்கு ஒரு தட்டில் சோறு போட்டு மூடி வைத்துவிட்டுக் காத்திருக்கிறாள் என்றேன். யாரும் எனக்கு அப்படிச் சொல்லவில்லை. அவர் வீட்டுக்கு நான் போனதுகூட இல்லை. வாயில் வந்தது, சொல்லிவிட்டேன்.

"அதுதாங்க நாவல். அந்தச் சோத்துலேருந்து ஆரம்பிங்க" என்றார் பதிப்பாளர்.

அந்த வாரமே அந்த அக்கா ஐந்தாவது மனுவுக்கு வந்தார். முகம் தெளிந்திருந்தது. விசாரணை முடிந்துவிட்டதாம், பார்த்த இருவரும் வாக்குமூலம் கொடுத்துவிட்டார்களாம். கோப்பு புதுச்சேரிக்குப் போக வேண்டும், அதோடு வைக்கச் சுருக்கமாக ஒரு மனு மட்டும் கேட்டிருக்கிறார்கள்.

"இதான் கடைசி தம்பி. நல்லா எழுதிக் குடுங்க" என்றார்.

நல்லா எழுதச் சொன்னார் அல்லவா, எழுதினேன். எனக்கு அந்த மாதிரிகள்மேல் வெறுப்பு வந்திருந்தது. மேற்காண் பொருள், மேற்படி நபர், ஆவன செய்ய வேண்டுகிறேன். இந்த வறட்டு மொழியைப் படித்து எவன் இரக்கப்படுவான்? என்னுடையது நாவல் எழுதிய கை என்று ஒரு திமிர். கடைசிப் பத்திக்கு முன்னால் இப்படி ஒரு வரி சேர்த்தேன்: "இன்றுவரை ஒவ்வொரு நாளும் என் கணவருக்குத் தட்டில் சோறு போட்டு மூடி வைத்து, அவர் வருவார் என்று வாசலைப் பார்த்துக் காத்திருக்கும் ஆதரவற்ற பெண் நான்."

படித்துக் காட்டவில்லை. முதலாளி பேப்பர் வாங்கப் போயிருந்தார். "பஸ்ஸுக்கு நேரமாச்சுக்கா, கையெழுத்துப் போடுங்க" என்றேன். பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது. படித்துக் காட்டினால் அவர் "இது எதுக்குத் தம்பி, எடுத்துருங்க" என்று சொல்வார் என எனக்குத் தெரியும். தெரிந்துதான் படிக்கவில்லை. மறந்துவிட்டேன் என்று பிறகு முதலாளியிடம் சொன்னது பொய்.

கோப்பு திரும்பி வந்தது. அந்த அக்கா கடைக்கு வந்து என் மேசைமேல் ஒரு நகலை வைத்தார். கடையில் நாலைந்து பேர் நின்றார்கள்.

"இத படி" என்றார். அதுவரை என்னை நீங்க என்றுதான் பேசியிருந்தார்.

படித்தேன். கணவர் உயிரோடு திரும்புவார் என்று மனைவியே நம்பிக் காத்திருப்பதாக எழுத்தில் கூறியிருக்கும் நிலையில் அவரை இறந்தவராகக் கருத முடியாது, மறுவிசாரணை செய்க என்று குறிப்பு எழுதியிருந்தார்கள்.

"நா எப்ப சொன்னேன் சோறு போட்டு வைக்கிறேன்னு?"

"நீங்க சொல்லலக்கா."

"பின்ன எந்த நாயி சொன்னுச்சு?"

"நாந்தான் எழுதுனேன். மனசு எளகும்னு நெனச்சேன்."

"இத்தன நாளு எவன் மனசு எளகுச்சு, இப்ப எளகப்போவுது? அந்த மனுசன் செத்துட்டாருன்னு ஊரக் கூட்டிக் காரியம் பண்ணி, பொட்டழிச்சு நிக்கிறேன். எம் மவகிட்ட, அப்பா வரமாட்டாருடின்னு எவ்ளோ பாடுபட்டுச் சொல்லிவச்சிருக்கேன் தெரியுமா? நீ அவர உயிரோட உக்காத்தி வச்சு சோறு போடுறியா?"

வரிசையில் நின்ற ஒருவர் "கெட்ட நேரம்மா, விடும்மா" என்றார். அந்த அக்கா அவர் பக்கம் திரும்பவே இல்லை.

முதலாளி மெஷினை நிறுத்தினார். "மனு எழுதச் சொன்னா கதையாடா எழுதுற? கதை எழுதணும்னா ஒங்கப்பன் வயல்ல போயி எழுது" என்றார். அத்தனை பேர் முன்னால் சொன்னார். சொல்லட்டும்.

அந்த அக்காவோடு அலுவலகத்துக்குப் போனேன். அவர் வரச் சொல்லவில்லை, நானாகத்தான் பின்னால் போனேன். அங்கே இருந்த அதிகாரி கெட்டவர் இல்லை. உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார்.

"நீங்க யாரு?"

"டைப் அடிச்சவன் சார். அந்த வரிய நானாத்தான் சேத்தேன். அவங்க சொல்லல."

"கையெழுத்து அவங்களோடதுதானே?"

"ஆமா சார். ஆனா படிச்சுக் காட்டல."

"அப்ப தெரியாம பொய்யான தகவலுக்குக் கையெழுத்துப் போட்டாங்கன்னு எழுதட்டுமா? அப்படி எழுதுனா இதுக்கு முன்ன குடுத்த நாலு மனுவையும் சேத்து சந்தேகப்படுவாங்க. பரவாயில்லையா?"

நான் தண்ணீர் டம்ளரோடு அந்த அக்கா பக்கம் திரும்பினேன். "வேணாங்கய்யா, மறுபடி விசாரிச்சுக்கட்டும்" என்று அந்த அக்காதான் சொன்னார்.

மறுபடி விசாரிக்கப் பார்த்தவர்கள் வேண்டும். ஒருவர் கேரளாவுக்குப் படகு வேலைக்குப் போய்விட்டார், போனை எடுப்பதில்லை. இன்னொருவர், சொன்னதையே எத்தனை முறை சொல்வது, ஒருநாள் தொழில் கெடுகிறது என்று கோபப்பட்டார். நர்சிங் சேர்க்கை முடிந்தது. அவர் மகள் கடைத்தெருவில் ஒரு ஜவுளிக்கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். சான்றிதழ் இதுவரை வரவில்லை.

பதிப்பாளர் மறுபடி கூப்பிட்டார். "அந்தச் சோறு நாவல் எவ்வளவு தூரம் வந்திருக்கு?"

"அத எழுதலைங்க."

"ஏங்க?"

சொன்னேன். எல்லாவற்றையும் மறைக்காமல் சொன்னேன். அவர் பெருமூச்சு விட்டுவிட்டு, "இது இன்னும் நல்லா இருக்கே. இதையே எழுதலாமே" என்றார்.

அப்போது எனக்கு வந்த கோபம் அவர்மேல் இல்லை. அவர் வாயைத் திறப்பதற்கு முன்பே நானும் அதைத்தான் நினைத்திருந்தேன். அந்த அலுவலகத்தில் தண்ணீர் டம்ளரைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றபோதே, இந்த இடத்தில் ஒரு அத்தியாயத்தை முடிக்கலாம் என்று ஒரு கணம் தோன்றியது. ஒரு பெண்ணின் படிப்பு போய்க்கொண்டிருக்கிறது, எனக்கு அத்தியாயம்.

"அப்ப எதத்தான் எழுதப்போறீங்க? அந்தப் பெரிய வீடா?"

"எதுவும் இல்லைங்க" என்றேன். அவர் சரி என்று வைத்துவிட்டார். தை போய்விட்டது. அப்பாவின் கதையை ஐந்தாவது முறை தொடங்கினேன். இந்த முறை கலப்பை இல்லை. அப்பாவும் இல்லை. வெறும் வயல்தான் இருந்தது, அதையும் கிழித்துப் போட்டேன். அடுத்தவர் வாழ்க்கையைத் தொட்டால் கெடுக்கிறேன், என் வீட்டைத் தொட்டால் உயிர் இல்லை. இதற்கு மேல் எழுதுகிறவன் என்று சொல்லிக்கொள்ள என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை.

இப்போது இதை எழுதுவது மட்டும் என்ன யோக்கியம் என்று நீங்கள் கேட்கலாம். கேளுங்கள். அவரைப் பற்றி எனக்குத் தெரிந்தது அவருடைய மனுக்களில் இருப்பதும், அவர் என் முகத்துக்கு நேரே சொன்னதும், நான் கண்ணால் பார்த்ததும்தான். அதற்கு மேல் ஒரு வரிகூட இதில் சேர்க்கவில்லை.

முதலாளி என்னை மனு அடிக்கும் வேலையிலிருந்து எடுத்துவிட்டார். இப்போது ஜெராக்ஸ் மட்டும்தான். போன வாரம் ஆதார் நகல் எடுத்துக்கொண்டிருந்தபோது அந்த அக்கா பிளாஸ்டிக் பையில் தாள்களோடு தெருவில் வந்தார். எங்கள் கடையைத் தாண்டி, எதிர்ச்சாரியில் புதிதாக வந்திருக்கும் டைப் கடைக்குள் போனார். அங்கே இருக்கும் பெண் ஏதோ கேட்டாள், அந்த அக்கா ஒவ்வொன்றுக்கும் சுருக்கமாகப் பதில் சொன்னார். சாலையில் போன பஸ் சத்தத்தில் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அடித்து முடித்ததும் அந்தப் பெண் தாளை நீட்டினாள். அந்த அக்கா பேனாவை வாங்கவில்லை. தாளைக் கையில் வாங்கி, முகத்துக்குப் பக்கத்தில் வைத்து, ஒவ்வொரு வரியாக விரலை ஓட்டித் தானே படித்தார். நெடுநேரம் படித்தார்.

"தம்பி, ரெண்டு பக்கமும் எடுக்கணும்" என்றார் என் முன்னால் நின்றவர். ஆதாரைத் திருப்பி வைத்தேன்.