சுப்ரீமுக்குக் கிடைத்த தடை உத்தரவு

மிக்ஸி, மின்விசிறி பழுதுபார்க்கிறவர் அவர். தெருவில் எல்லோருக்கும் அவர் 'சுப்ரீம்'. எந்தக் கோர்ட்டு எந்தத் தீர்ப்பைச் சொன்னாலும், கையில் ஸ்க்ரூ டிரைவரோடு நின்றபடியே அதை ரத்து செய்துவிடுவார். கடைச் சுவரில் இருந்த டிவியில் விவாதம் தொடங்கிவிட்டால் போதும், வாடிக்கையாளரின் மிக்ஸி வயிற்றைத் திறந்துபோட்டு அப்படியே கிடக்கும்.

தெருக்கோடியில் ஒரு தையல்காரம்மா இருந்தாள். அவள் மகன் ஏதோ கலாட்டாவில் கைதானான். மறுநாள் காலையிலேயே புல்டோசர் வந்தது. 'ஆக்கிரமிப்பு' என்றார்கள், வீட்டைத் தரைமட்டமாக்கினார்கள், போய்விட்டார்கள். தையல் மெஷினை வெளியே எடுக்கக்கூட விடவில்லை. அன்றைக்குக் கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் சுப்ரீம் டீ வாங்கிக் கொடுத்தார்.

"இதுதான்யா நீதி! வாய்தா கிடையாது, வக்கீல் கிடையாது. சுடச்சுட!"

"வீடு அந்தம்மாவோடது. அடிதடி பண்ணது பையன்," என்றாள் அவர் மனைவி.

"உனக்கு ஒண்ணும் தெரியாது, சும்மா இரு."

தையல்காரம்மா வழக்குப் போட்டாள். நோட்டீஸ் கொடுக்காமல், விசாரிக்காமல் யார் கட்டடத்தையும் இடிக்கக் கூடாது என்று தீர்ப்பு வந்தது. சுப்ரீமுக்கு ரத்தம் கொதித்தது. "ரவுடிங்களுக்கு வக்காலத்து வாங்கவா கோர்ட்டு இருக்கு?" என்று செல்போனில் முழங்கிப் பதிவு செய்து, சொந்தக்காரர்கள், தெருக்காரர்கள் எல்லோருக்கும் அனுப்பினார்.

சில மாதங்களில் தெருவை அகலப்படுத்த ஆட்கள் வந்தார்கள். சுப்ரீமின் கடை முகப்பில் சிவப்புப் பெயிண்டால் பெரிதாக ஒரு பெருக்கல் குறி போட்டார்கள்.

"என்னய்யா இது?"

"நாளைக்கு இடிக்கிறோம். சாமான எடுத்துடுங்க."

"நோட்டீஸ் எங்க?"

"அதான் பெயிண்ட் அடிச்சிருக்கோமே சார்."

ஓட்டமும் நடையுமாக ஒரு வக்கீலம்மாவிடம் போய் விழுந்தார் சுப்ரீம். வக்கீலம்மா பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"பயப்படாதீங்க, தடை வாங்கிடலாம். இதுக்குன்னே சமீபத்துல ஒரு தீர்ப்பு வந்திருக்கு."

"யாரு கேஸுங்க?"

"உங்க தெருதான். ஒரு தையல்காரம்மா."

"ஃபீஸ் எவ்வளவுங்க?" என்றார் சுப்ரீம்.

மறுநாள் காலையிலேயே அவசர விசாரணை. கோர்ட்டு வராந்தாவில் தையல்காரம்மாவும் இருந்தாள். நஷ்டஈடு கேட்டு இன்னும் அலைந்துகொண்டிருந்தாள். அவரைப் பார்த்ததும் பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டாள்.

"உக்காருங்கண்ணே. நம்மளக் கூப்பிட நேரமாகும்."

உட்கார்ந்தார்.

"நீங்க பேசி அனுப்பினது எனக்கும் வந்துச்சு," என்றாள். "குரல் நல்லா கணீர்னு இருந்துச்சுண்ணே."

சுப்ரீம் பைக்குள் கையைவிட்டு, இல்லாத எதையோ வெகுநேரம் தேடினார்.

அன்றே தடை கிடைத்தது. பிறகு முறைப்படி நோட்டீஸ் வந்தது. அதிகாரிகள் கூப்பிட்டு உட்காரவைத்து, அவர் சொன்னதையெல்லாம் கேட்டார்கள். வந்து அளந்தும் பார்த்தார்கள். கடையின் முகப்பு முழுக்கத் தெருவில்தான் நின்றது. நீங்களே பிரித்துக்கொள்ளுங்கள் என்று அவகாசமும் கொடுத்தார்கள்.

ஒரு தகடுகூட நெளியாமல் சுப்ரீமே ஏறிப் பிரித்தார். மனைவி கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டாள்.

"எப்படியும் போகப் போறதுக்கா இவ்வளவு அலைச்சல்?"

"அப்படிச் சொல்லாதடி. நாலு வார்த்த கேட்டுட்டு இடிக்கிறதுல ஒரு மரியாதை இருக்குல்ல?"

"இத அந்தம்மாகிட்டச் சொன்னீங்களா?"

"ஏணிய ஒழுங்காப் பிடி," என்றார் சுப்ரீம்.