ஸ்பிரிங்வெளி எறக்கத்துல எனக்குக் கெடச்ச பதில்

அருள் அண்ணே. ஒன் பேரச் சொல்லித்தான் ஆரம்பிக்கணும்னு நெனச்சு வந்தேன். சொல்லிட்டேன். இனி இந்தச் செபக்கூட்டத்துக்கு வந்துருக்கிற இவங்ககிட்ட பேசுறேன்.

என் பேரு ரோசி. ஸ்பிரிங்வெளி தேயிலைத் தோட்டத்துல மேல் லயத்து வீட்டுப் புள்ள. ஒம்பதாம் வகுப்போட பள்ளிக்கூடம் நின்னுருச்சு, கோர்வையா பேச வராது. மனசுல கோவமும் இன்னும் போகல. கோவத்தோட சாட்சி சொல்லலாமான்னு ஃபாதர்கிட்ட கேட்டேன். இருக்கிறதச் சொல்லுன்னாரு.

எங்க அண்ணன் அருள்தாஸ் சித்திர வருசப் பொறப்புக்கு வைக்கிற சைக்கிள் ரேஸ்ல ஓடுறவன். வளைஞ்ச ஹேண்டில் வச்ச பழைய ரேஸ் சைக்கிள் ஒண்ண வாங்கி அவனே பாகம் பாகமாப் பூட்டி எடுத்தான். போன வருசம் டிசம்பர்ல, நத்தார் பண்டிகைக்கு முந்தி விடாம மழை. பதுளைக்கு எறங்குற ரோட்டுல ரோடு வளைஞ்சு திரும்புற பெரிய மொடக்கு ஒண்ணு இருக்கில்ல, அங்க தேயிலைக்குள்ள இருந்து மண்ணு கரைஞ்சு ரோட்டுல கெடந்துருக்கு. சைக்கிளோட வழுக்கிட்டான். போய்ட்டான். யாரும் வந்து மோதல. மோதியிருந்தா அவனயாவது திட்டியிருப்பேன். திட்டுறதுக்குக் கூட எனக்கு ஆள் இல்ல.

சைக்கிளுக்கு ஒண்ணும் ஆகல. அதப் பாக்கப் பாக்க எரிச்சல்.

அவன் கூட்டாளிங்க அந்த மொடக்குல வெள்ளப் பெயின்ட் அடிச்சு ஒரு சிலுவ நட்டாங்க.

எங்களுக்கு அப்பா இல்ல. அம்மா கொழுந்து பறிக்கப் போறாங்க, அண்ணன் போனதுல இருந்து பாதி நாள் மலைக்கு ஏற முடியல. நான் டவுன்ல ஒரு புடவைக்கடையில நிக்கிறேன். காலையில பஸ் வந்தா வரும், வராட்டி இல்ல. மொதலாளி கெட்டவர் இல்ல. ஆனா ஒரு நாள் சொல்லிட்டாரு, "புள்ள, நானும் எவ்வளவுதான் பொறுக்கிற? இப்படியே பிந்துனா வேற ஆளத்தான் போடணும்." அந்த வேலையும் போனா எங்க வீட்டுல அடுப்பு எரியாது.

அதனால அண்ணன் சைக்கிள எடுத்தேன். அம்மா ரெண்டு நாள் என்கிட்ட பேசல. அப்புறம் ஒண்ணே ஒண்ணு சொன்னாங்க. "அந்த எடத்துல சிலுவ அடையாளம் போடாம தாண்டாத. அவன் பாத்துக்குவான்."

மொத நாளு எறங்குனேன். ரெண்டு பிரேக்கையும் அமுக்குன கை கடைக்குப் போற வரைக்கும் விடல. கடையில சீல மடிக்க வெரல் விரியல. பின்னால பஸ் வந்து ஹோர்ன் அடிக்கும். நான் பயந்து தண்ணி ஓடுற கான் ஓரமா ஒட்டிக்குவேன். லொறி ஒரசுற மாதிரி போகும். மொடக்கு வந்தா சிலுவயப் பாப்பேன், வலது கைய எடுத்து நெத்தியில வப்பேன். சைக்கிள் தானா அந்தப் பக்கம் போகும். கானுக்குள்ள விழுவேன். ஒரு தடவ இல்ல, திரும்பத் திரும்ப. வேற எந்த மொடக்குலயும் நான் விழல.

லயத்துப் பசங்களுக்கு சிரிப்பு. "ரோசி அக்கா டெய்லி கானுக்குள்ள என்னத்தத் தேடுது?" "டவுனுக்கு அதான்டா குறுக்கு வழி." பெரியவங்க வேற மாதிரி பேசுனாங்க. அருள் தொணைக்குக் கூப்புடுறான், தங்கச்சிய இழுக்கிறான்னு. அதக் கேட்டுட்டு அம்மா ராத்திரியெல்லாம் அழுதாங்க.

நான் அந்தோனியாருக்கு நவநாள் பண்ணேன். என் பயத்த எடுத்துருங்கன்னு கேட்டேன். போகல. இந்தச் செபக்கூட்டத்துல என் தலையில கை வச்சு செபிச்சீங்க. விசுவாசம் பத்தலன்னு சில பேர் சொன்னீங்க. சொன்ன ஆளுங்க எல்லாம் பஸ்ல போறவங்க.

தவக்காலத்துல ஒரு காலையில மறுபடியும் விழுந்தேன். முட்டி கிழிஞ்சு ரத்தம். பிந்துனா வேலை இல்லன்னு தெரியும். கான்ல உக்காந்து சத்தமாவே கேட்டேன். "ஆண்டவரே, பயத்த எடுக்க வேணாம். ஏன் விழுறேன்னாவது சொல்லுங்க. அதுக்குமா உங்களுக்கு நேரமில்ல?"

பின்னால வந்த பஸ் நின்னுச்சு. தெனமும் ஹோர்ன் அடிக்கிற அதே டிரைவர் எறங்கி வந்தாரு. சிங்கள ஆளு, தோட்டத்து சனத்த ஏத்தி ஏத்தித் தமிழ் படிச்சவரு.

"என்ன நங்கி, தங்கச்சி, சாகவா போறது?"

"நீங்க ஹோர்ன் அடிக்கிறதாலதான் நான் விழுறேன்."

"இன்னைக்கி நா அடிச்சதா?" பஸ்ஸப் பாத்துக் கேட்டாரு. ஜன்னல்ல இருந்த சனமெல்லாம் இல்லன்னு தலையாட்டுச்சு. எனக்கு மானம் போச்சு.

"நா தெனம் பின்னால வந்து பாக்குறது. இந்த எடம் வந்தா நீ ரோட் பாக்கிறது இல்ல, குருசு பாக்குற. ஒரு கையும் விடுற. பாக்குற பக்கம்தானே சைக்கிள் போறது?"

"அது எங்க அண்ணன் செத்த எடம்."

அவரு சிலுவப் பக்கம் திரும்பிப் பாத்தாரு. "தெரியும். நானும் மேல புத்தர் சாமி கும்பிடுறது. பஸ் நிப்பாட்டித்தான் கும்பிடுறது." அப்புறம் சொன்னாரு, "ஓரத்துல ஒளியாத. கொஞ்சம் ரோட்டுக்குள்ள வா. நீ தெரிஞ்சா நா மெதுவா வருவேன்."

கண்டக்டர் கத்துனான், லேட்டாகுதுன்னு. பஸ் போயிருச்சு. ஏத்திக்கிட்டுப் போறேன்னு ஒரு வார்த்த சொல்லல.

நான் ரெக்க வச்ச சம்மனச எதிர்பாத்தேன். ஆண்டவர் இந்த மனுசன அனுப்புனாரு. ரத்தத்தோடயே கடைக்குப் போனேன். மொதலாளி என் முட்டியப் பாத்துட்டு, இன்னும் ஒரு வாரம் பாப்பம்னாரு.

ஞாயித்துக்கிழம பூசை முடிஞ்சு தேயிலை அரைக்கிற ஸ்டோருக்குக் கீழ இருக்கிற சின்ன எறக்கத்துல ஏறி எறங்கிப் பழகுனேன். மொடக்குக்கு முந்தியே பிரேக் புடிச்சு வேகத்தக் கொறைக்கணும், உள்ள போனா கையத் தளத்தணும், ரோடு எங்க போய் முடியுதோ அங்க பாக்கணும். விழுந்து விழுந்து நானாத்தான் கண்டுபுடிச்சேன். பசங்க மதில்ல உக்காந்து பாத்துட்டு, விழலன்னதும் போரடிச்சு எந்திரிச்சுப் போய்ட்டானுங்க.

மறுநாள் அண்ணன் மொடக்கு. சிலுவயப் பாக்கல. கூடப் பொறந்தவன் ரோட்டுல நிக்க, பேசாம தாண்டிப் போற மாதிரி இருந்துச்சு. அழுதேன். ஆனா கண்ணு ரோட்டுலயே இருந்துச்சு. விழல.

பின்னேரம் சைக்கிளத் தள்ளிக்கிட்டு ஏறி வந்து அம்மாகிட்ட உண்மையச் சொன்னேன், நான் அங்க சிலுவ போடலன்னு. அடிப்பாங்கன்னு நெனச்சேன். அம்மா அடுப்புக்குள்ள வெறகத் தள்ளிக்கிட்டே சொன்னாங்க, "நீ ரோட்டப் பாரு. அத நான் போட்டுக்கிறேன்." இப்ப தெனமும் நான் எறங்குறப்போ அம்மா லயத்து வாசல்ல நின்னு எனக்கும் சேத்துப் போடுறாங்க.

நேரத்துக்குக் கடையில நிக்கிறேன். வேலை போகல. இப்ப ரோட்டுக்குள்ள தள்ளித்தான் போறேன். பஸ் ஹோர்ன் அடிச்சா இங்க இருக்கேன்னு கைய காட்டுவேன். வேகமும் கொஞ்சம் வந்துருக்கு.

பயம் போச்சான்னு கேட்டா, போகல. மழை பேஞ்சா இன்னும் எறங்கி நடக்கிறேன். அண்ணன ஏன் எடுத்தீங்கன்னு தெனமும் கேக்கிறேன், அதுக்கும் பதில் இல்ல. ஆனா நான் கோவமாக் கேட்ட ஒரு கேள்விக்கு பதில் வந்துச்சு. அத இல்லன்னு சொல்ல மாட்டேன். நீங்களும் கேளுங்க. அழகாக் கேக்கணும்னு இல்ல. வர்ற பதில் திட்டா வந்தாலும் காதுல வாங்குங்க.

கடைசியா ஒண்ணு. எங்க அண்ணன் அருள்தாஸோட ஆத்துமாவுக்காக எல்லாரும் செபிங்க. அந்த மொடக்குல சைக்கிள்லயோ பைக்லயோ போறப்போ வேணாம். நிப்பாட்டிட்டு செபிங்க. இல்லாட்டி வீட்டுக்குப் போய், பத்திரமாப் போய்ச் சேந்து, அப்புறம் செபிங்க.