தகரம் தட்டினால் ஓடும் பிள்ளைகள்

ஆனைமலைக்கு மேலே ஒரு மலசர் பழங்குடிக் குடியிருப்புக்கு நான் ஜீப் ஓட்டுகிறேன். அங்கிருந்த அங்கன்வாடிக்கு முட்டையும் அரிசியும் ஏற்றிப் போனது நான்தான். டீச்சர் என்று ஒருத்தர் இருந்தார். போட்டோ எடுக்கிற நாளில் மட்டும் மலையேறுவார். மற்ற நாளெல்லாம் ஆயா மாசாணம்தான். அந்த ஊர்க்காரி. வெற்றிலை வாய், வெடுக்கென்ற பேச்சு. முட்டை விரிசல் விட்டிருந்தால், "ஏனுங்க டிரைவரு, இத உங்க ஊட்டுக்கே கொண்டுபோயி அடை வெச்சுக்கோங்க" என்பாள்.

அந்த ஊரில் தகரச் சத்தம் கேட்டால் யானை வருகிறது என்று அர்த்தம். பிள்ளைகள் கண்மண் தெரியாமல் வீட்டுக்கு ஓடும். மாசாணம் சோறு போடுமுன் கரண்டியால் சட்டியைத் தட்டுவாள். முதலில் மெதுவாக, பிறகு பலமாக. "ஓடறதுக்கு முந்தி தட்டறது யாருன்னு பாரு கண்ணு" என்பாள். அவளிடம் இருந்துவிட்டு அடிவாரப் பள்ளிக்குப் போன பிள்ளைகள் மணிக்கு மிரளவில்லை. உட்கார்ந்து படித்தார்கள்.

பிறகு ஓர் அதிகாரி வந்தார். பிள்ளைகள் குறைவு என்று அங்கன்வாடியைப் பூட்டினார். பெரிய மூளை! மாசாணம் காப்பித் தோட்டத்துக்குக் கூலிக்குப் போனாள். அங்கன்வாடியைப் பார்க்காமலே வளர்ந்த அவள் கடைசி மகள் நவ்யா, இந்த ஜூனில் அதே பள்ளியில் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தாள். முதல் மணி அடித்ததும் மலைப்பாதையில் ஓட்டம். மறுநாளும் அதே.

"இதுகளுக்குப் படிப்பு ஏறாதுங்க. இன்னொருக்கா ஓடுனா பேர அடிச்சுப்போடுவேன்" என்றார் தலைமையாசிரியர். யானையைக் கோயில் வாசலில் மட்டும் பார்த்த மனிதர்.

அடுத்த நாள் மாசாணம் மகளோடு என் ஜீப்பில் வந்து இறங்கினாள். மணியாகத் தொங்கிய தண்டவாளத் துண்டுக்கு நேராகப் போய், தலைமையாசிரியரிடம் சுத்தியலைக் கேட்டாள்.

"கவர்மெண்டு மணி அம்மணி. கண்டவங்க அடிக்கக்கூடாது."

"நீங்க அடிச்சா ஓடுதுங்க சார். நான் அடிச்சா நிக்கும். எது வேணுமுங்க?"

அவர் முணுமுணுத்துக்கொண்டே கொடுத்தார். மாசாணம் மெதுவாகத் தட்டினாள். நவ்யா தூணைக் கட்டிக்கொண்டு நடுங்கினாள். ஆனால் அம்மாவின் கையைப் பார்த்தாள். ஓடவில்லை. அதன்பின் கூலியை விட்டுவிட்டு மாசாணம் தினமும் வந்து அடித்தாள்.

கொஞ்ச நாளில் அதே அதிகாரி பள்ளிக்கு வந்தார். தாழ்வாரத்தில் நின்று நவ்யாவைக் காட்டி, "பாத்தீங்களா, அங்கன்வாடி இல்லாமலே படிக்குது!" என்றார். தலைமையாசிரியரும் தலையாட்டினார்.

மாசாணம் அந்த அதிகாரியின் முதுகுக்குப் பின்னால் போய் மணியை ஓங்கி அடித்தாள்.

பிள்ளைகள் திரும்பிப் பார்த்துவிட்டு உட்கார்ந்தே இருந்தார்கள். பதறிப்போய்க் கார்ப் பக்கம் பாய்ந்தது அந்த ஆள் ஒருத்தர்தான்.